இட்லி மாவில் வான்கோமைசின் எதிர்ப்பு: பழைய வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஓர் அக்காவும் அவர் மகனும் மாவுக்கடை வைத்திருக்கிறார்கள். இரண்டு டில்டிங் கிரைண்டர், தரையை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி, வாசலில் எடை மெஷின். காலையில் பாக்கெட் மாவு, மாலையில் மெஸ், ஹாஸ்டல்களுக்கு வாளி மாவு. வெயில் காலத்திலும் ஆடி மாதத்திலும் கேழ்வரகுக் கூழும் உண்டு. வாளி மாவு வாங்கும் ஒரு கேட்டரிங்காரர் புது ஒப்பந்தத்துக்காக ஆய்வக அறிக்கை கேட்டார். தனியார் ஆய்வகம் ஒன்றில் கொடுத்தார்கள். அறிக்கை வந்த மறுநாளே ஆர்டர் நின்றுபோனது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஈ. கோலை இல்லை, சால்மோனெல்லா இல்லை. சிக்கல் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. பேக்கேஜோடு சேர்த்துச் செய்த ஆன்டிபயாடிக் சோதனையில், மாவிலிருந்து பிரித்த பாக்டீரியாவைச் ‘சங்கிலியாக அமையும் கிராம்-பாசிட்டிவ் காக்கஸ்’ (உருண்டை வடிவ பாக்டீரியா) என்று மட்டும் குறித்துவிட்டு, வரிசையாக மருந்துகளைப் போட்டிருந்தார்கள். ஆம்பிசிலின், எஸ். அதாவது மருந்து கேட்கும். வான்கோமைசின், ஆர். கேட்காது. டெட்ராசைக்ளின், ஒரு தட்டில் எஸ், இன்னொரு தட்டில் ஆர். வான்கோமைசின் வரியை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கேட்டரிங்காரர் அந்த ஒரு வரியைக் கூகுளில் போட்டார். சூப்பர்பக், கடைசி மருந்து, ஐசியு என்றெல்லாம் வந்தது. அவர் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

மகன் அறிக்கையை எங்களிடம் கொண்டுவந்தபோது அக்காவும் கூட வந்தார். “நாங்க இன்னா மேடம் விஷமா ஆட்டுறோம்? இதே மாவத்தான் என் பேரனும் துன்றான்” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பேரன் நன்றாக இருப்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது. எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த பாக்டீரியாவைச் சாப்பிட்டவருக்கு அன்றைக்கே ஒன்றும் ஆகாது. ஆபத்து வந்தால் அது வேறொரு நாளில், வேறொரு நோயில், மருந்து வேலை செய்யாமல் போகும்போதுதான் வரும்.

அந்தப் பயத்துக்குப் பின்னணி உண்டு. வான்கோமைசின் போர்னியோ மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரின் சரக்கு. 1958இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பென்சிலின் வகைகள் கைவிட்ட இடங்களில் இதைத்தான் வைத்துக் காப்பாற்றினார்கள். 1980களின் கடைசியில் இதற்கும் அடங்காத என்டெரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா ஐரோப்பாவில் தலைகாட்டியபோது மருத்துவ உலகம் நிஜமாகவே ஆடிப்போனது. சென்னைக்கும் இந்த விஷயத்தில் பங்கு இருக்கிறது. பல ஆன்டிபயாடிக்குகளை முறிக்கும் என்டிஎம்-1 நொதி பற்றிப் பெரிய விவாதத்தைக் கிளப்பிய 2010 லான்செட் கட்டுரையின் மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையில் எடுத்தவை. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு வெளியிட்ட திட்டத்துக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர்.

அதனால் எடுத்த எடுப்பில் “ஒன்றும் இல்லை, போங்கள்” என்று சொல்ல முடியாது. அந்த ‘ஆர்’ யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெயர் இல்லாத காக்கஸ்

உளுந்தும் அரிசியும் ஊறி அரைபட்ட மாவை இரவோடு இரவாகப் பொங்கவைப்பது முக்கியமாக லியூகோனாஸ்டாக் மெசென்டெராய்டெஸ் என்ற லாக்டிக் பாக்டீரியா. 1965இல் முகர்ஜி, ஸ்டெய்ன்க்ராஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்விலேயே இது தெளிவாகிவிட்டது. கூடவே அப்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்று அழைக்கப்பட்ட, இன்று என்டெரோகாக்கஸ் ஆகிவிட்ட பாக்டீரியாவும் பெடியோகாக்கஸும் வரும் என்றும் அவர்கள் எழுதினார்கள். யாரும் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதில்லை. பருப்போடும் அரிசியோடும் வந்துவிடுகின்றன. ஆகவே மாவில் என்டெரோகாக்கஸ் இருந்தாலே கழிவுநீர் கலந்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு.

இந்த மூன்றுமே நுண்ணோக்கியில் நீலமாக, உருண்டையாக, ஜோடியாகவோ சங்கிலியாகவோ கூட்டமாகவோ தெரியும். மூன்றுக்கும் கேட்டலேஸ் என்ற நொதிச் சோதனை பொதுவாக நெகட்டிவ். அவசரத்தில் பார்த்தால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடலாம். பிரிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. குளுக்கோஸ் குழம்புக்குள் சின்னக் குழாயைக் கவிழ்த்து வைத்தால் லியூகோனாஸ்டாக் அதில் வாயுவைச் சேர்க்கும், மற்ற இரண்டும் சேர்க்காது. பிஒய்ஆர் சோதனைத் தாளில் என்டெரோகாக்கஸ் மட்டும் சிவக்கும். வான்கோமைசினுக்கு ‘ஆர்’ காட்டியது வாயுவைச் சேர்த்தது, தாளில் சிவக்கவில்லை. லியூகோனாஸ்டாக்.

அதோடு முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வான்கோமைசின் செல்சுவரின் கட்டுமானக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் மருந்து. பெரும்பாலான கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவில் அந்தக் கண்ணியின் நுனியில் இரண்டு டி-அலனின் இருக்கும். மருந்து அவற்றின்மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். லியூகோனாஸ்டாக், பெடியோகாக்கஸ், பிளான்டாரம் போன்ற பல லாக்டோபேசில்லஸ் வகைகளில் கடைசி அலனினுக்குப் பதிலாக டி-லாக்டேட் இருக்கிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. மனிதன் வான்கோமைசினைக் கண்டெடுப்பதற்கு எத்தனையோ யுகம் முன்பிருந்தே அவை இப்படித்தான் இருக்கின்றன.

மருத்துவமனையில் வரும் வான்கோமைசின் எதிர்ப்பு என்டெரோகாக்கஸும் இதே டி-லாக்டேட் தந்திரத்தைத்தான் செய்கிறது. ஆனால் அது பிறவியில் வந்ததல்ல. வான்-ஏ என்ற மரபணுத் தொகுதி டிஎன் 1546 என்ற இடம்பெயரும் துண்டில் ஏறி வந்து சேர்ந்தது. வந்தது போலவே கிளம்பி இன்னொரு பாக்டீரியாவுக்கும் போகும். மூக்கை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது, குடையைக் கொடுக்கலாம். லியூகோனாஸ்டாக்கின் எதிர்ப்பு மூக்கு மாதிரி. மாவில் எடுத்த எல்லாத் தட்டிலும் வான்-ஏ தேடிப் பிசிஆர் (மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) ஓட்டினோம். எதிலும் இல்லை.

சோதனை முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஆய்வகம் மருத்துவமனை மாதிரிகளுக்குச் செய்கிறமாதிரியே முல்லர்-ஹின்டன் தட்டில் மருந்து வில்லை வைத்துப் பார்த்திருக்கிறது. லாக்டிக் பாக்டீரியா பலவும் அந்த ஊடகத்தில் சரியாக வளராது. இவற்றுக்கென்று 2010இல் வந்த ஐஎஸ்ஓ 10932 முறை தனி ஊடகத்தில், குழியில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. முடிவைப் படிக்க ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியல் உதவும். அதில் ஒவ்வோர் இனத்துக்கும் தனி வரம்பு. டெட்ராசைக்ளினுக்குப் பிளான்டாரத்தில் லிட்டருக்கு 32 மில்லிகிராம், லியூகோனாஸ்டாக்கில் 8, என்டெரோகாக்கஸ் ஃபீசியத்தில் 4. லியூகோனாஸ்டாக் வரிசையில் வான்கோமைசினுக்கு எண்ணே இல்லை. சோதிக்கத் தேவையில்லை என்று போட்டிருக்கிறார்கள். இனத்தின் பெயரைக் கண்டுபிடிக்காமல் எஸ், ஆர் அச்சடித்துக் கொடுத்தால் அதை வைத்து யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிற அறிக்கையில் இனத்தின் பெயராவது இருக்க வேண்டும்.

மருத்துவர்கள் படித்தால் அவர்களுக்காக ஓர் இடைச்செருகல். லியூகோனாஸ்டாக் மனிதருக்கு அறவே நோய் தராது என்பதும் சரியல்ல. 1985 முதல் ரத்தத் தொற்றுகள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் மத்திய ரத்தக்குழாயில் நாள்கணக்கில் குழாய் செருகியிருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், சிறுகுடல் வெட்டப்பட்ட குழந்தைகள். அவர்களுக்கு வழக்கமான வான்கோமைசின் பயன்படாது. பென்சிலினோ ஆம்பிசிலினோ பொதுவாகக் கேட்கும். ரத்த வளர்ப்பில் வான்கோமைசினுக்கு அடங்காத சங்கிலிக் காக்கஸ் வந்தால் இந்தப் பெயரும் நினைவில் இருக்கட்டும்.

யாரும் பார்க்காத வரி

தடித்த எழுத்து எல்லாருடைய கண்ணையும் இழுத்துவிட்டது. அதற்குக் கீழே சாதாரண எழுத்தில் இருந்த டெட்ராசைக்ளின் ‘ஆர்’ வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. என்னைத் தொந்தரவு செய்தது அந்த வரிதான்.

அந்தத் தட்டில் இருந்தது லியூகோனாஸ்டாக் அல்ல, என்டெரோகாக்கஸ் ஃபீசியம். முறைப்படி அளந்தபோது டெட்ராசைக்ளின் வரம்பைப் பல மடங்கு தாண்டியும் வளர்ந்தது. டெட்-எம் மரபணு பாசிட்டிவ். இந்த மரபணு ரைபோசோமைக் காக்கும் ஒரு புரதத்தைச் செய்யும். மருந்து வந்து ஒட்டினாலும் அந்தப் புரதம் பெயர்த்துத் தள்ளிவிடும். அடுத்ததாக, டிஎன் 916 குடும்பத்து இடம்பெயரும் துண்டுகளை டிஎன்ஏவில் பொருத்தும் இன்டெக்ரேஸ் நொதியின் மரபணுவைத் தேடினோம். அதுவும் பாசிட்டிவ். இது குடை.

டிஎன் 916 இந்தத் துறையில் பேர்போனது. 1981இல் ஃபிராங்க், கிளூவெல் இருவரும் ஒரு என்டெரோகாக்கஸில் கண்டார்கள். பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) எதுவும் இல்லாமலே தானே குரோமோசோமிலிருந்து கழன்று, பக்கத்துச் செல்லுக்குள் நுழைந்து, அங்கே மறுபடி பொருந்திக்கொள்ளும் துண்டு. அந்த மாதிரி ஒன்று அதற்குமுன் தெரிந்திருக்கவில்லை. இதன் உறவான டிஎன் 1545 டெட்-எம்மோடு எரித்ரோமைசின், கனமைசின் எதிர்ப்பையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு நியூமோனியா கிருமியில் காணப்பட்டது. டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மட்டும் இருக்கிற என்டெரோகாக்கஸ் ஆஸ்பத்திரியில் பெரிய தலைவலி இல்லை. அதற்கு ஆம்பிசிலினோ வான்கோமைசினோ கொடுப்பார்கள். மரபணு ஊர்ந்து போய்ச் சேரும் இடமும், கூட எதைக் கூட்டிக்கொண்டு போகும் என்பதும்தான் கவலை.

உணவிலிருந்து இப்படிப் போவது ஏட்டில் மட்டும் உள்ள பயம் அல்ல. 1997இல் பச்சைப் பாலில் செய்த மென்பாலாடைக்கட்டி ஒன்றிலிருந்த லாக்டோகாக்கஸில் பல மருந்துகளை எதிர்க்கும் ஒரே பிளாஸ்மிட்டைக் கண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். புளித்த சாஸேஜிலிருந்து எடுத்த லாக்டோபேசில்லஸ் தன் டெட்-எம்மை என்டெரோகாக்கஸுக்குக் கைமாற்றுவதை 2003இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். டென்மார்க் ஆய்வு ஒன்றில், கோழியிலிருந்து வந்த வான்-ஏ உள்ள என்டெரோகாக்கஸையும் மனிதக் குடலின் என்டெரோகாக்கஸையும் தன்னார்வலர் ஆறு பேருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மூவரின் குடலில் மரபணு கைமாறிவிட்டது. 2006இல் வெளியானது. புரோபயாடிக்காக விற்ற ஒரு லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி வகையிலேயே டெட்-டபிள்யூ என்ற இன்னொரு டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த பிளாஸ்மிட் இருந்தது தெரியவந்து, அதை நீக்கிய புதுவகையை 2008இல் அறிவித்தார்கள். கம்பெனிக்காரர்களே ஒரு பிளாஸ்மிட்டுக்காக மெனக்கெடும்போது மாவுக்கடையில் அது கிடந்தால் போகட்டும் என்று விட மனம் வரவில்லை.

எங்கிருந்து வந்தது

கடைக்குப் போய் ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்தோம். அரிசி ஊறிய தண்ணீர், உளுந்து ஊறிய தண்ணீர், தொட்டித் தண்ணீர், கிரைண்டர் குழவியின் அடிப்பகுதி, வழிக்கிற கரண்டி. இவற்றில் டெட்ராசைக்ளின் கலந்த தட்டில் எதுவும் பிடிபடவில்லை. இரண்டு இடத்தில் பிடிபட்டது. ஒன்று, எடுத்துவைத்த பழைய மாவு. இன்னொன்று ஐஸ்.

மாவு அரைக்க ஐஸா என்று வீட்டில் அரைப்பவர்கள் கேட்பார்கள். பெரிய கிரைண்டர் தொடர்ந்து ஓடினால் கல் சூடாகி மாவும் சூடாகும். சூடேறிய மாவு கத்திரி வெயிலில் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேருவதற்குள் புளித்துப் பொங்கி வாளியைத் தாண்டிவிடும். அதனால் அரைக்கும்போதே ஐஸை உடைத்துப் போடுவார்கள். தொழிலுக்குத் தேவையான வேலைதான். ஆனால் இந்தக் கடைக்கு வரும் ஐஸ், மீன்கடைகளுக்குப் போடுகிற ஒருவருடைய மீன்பாடி வண்டியில், ஈரச் சாக்கு சுற்றிய பார் பாராக வருகிறது. சந்து முனையில் தரையில் இறக்கி, அங்கேயே இரும்புக் கம்பியால் குத்தி உடைக்கிறார்கள். மீனுக்கு வைக்கும் ஐஸும் மாவுக்குள் போகும் ஐஸும் ஒரே பார்.

உணவுக்கு ஆகாத ஐஸ் கண்ணுக்குத் தெரியும்படி நீல நிறம் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018இல் சொல்லியிருக்கிறது. இங்கே வந்த பார் கண்ணாடி மாதிரி வெள்ளை. கடைக்காரர்களுக்குச் சந்தேகம் வரக் காரணமே இல்லை.

பழைய மாவின் கதை வேறு. மார்கழிக் குளிரில் மாவு பொங்கத் தாமதமானதால், முதல் நாள் மாவில் ஒரு குண்டானை எடுத்துவைத்து மறுநாள் கலக்க ஆரம்பித்திருக்கிறார்கள். குளிர் போன பிறகும் பழக்கம் போகவில்லை. ஐஸில் எப்போதோ ஒருமுறை வந்து சேர்ந்தது குண்டான் வழியாகத் தினமும் தலைமுறை தாண்டிக்கொண்டிருந்தது. ஐஸிலும் மாவிலும் எடுத்தவற்றின் மருந்து எதிர்ப்பு அமைப்பும் மரபணுக்களும் ஒத்திருந்தன. முழு மரபணு வரிசையைப் பார்க்காமல் இரண்டும் ஒரே வித்து என்று எழுத மாட்டேன். ஐஸை நிறுத்தச் சொல்ல இந்த ஒற்றுமையே போதும்.

ஆவிக்குப் போனதும் போகாததும்

இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகிறது. தோசைக்கல் அதைவிடச் சூடு. உயிரோடு எந்த என்டெரோகாக்கஸும் மிஞ்சாது. வெந்த இட்லியில் சிதைந்த டிஎன்ஏ துணுக்குகள் இருக்கலாம். டிஎன் 916 கைமாற உயிருள்ள இரண்டு செல்கள் ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. கேட்டரிங்காரர் பயந்த மாவு அவருடைய சமையலறையிலேயே பாதுகாப்பாகிவிடுகிறது.

அறிக்கை தொடாத பொருள் ஒன்று கடையில் இருந்தது. கூழ்.

கேழ்வரகு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யோடு காய்ச்சுவார்கள். அதுவரை நல்லது, காய்ச்சும்போது எல்லாம் போய்விடும். பிறகு ஆறவைத்து மீண்டும் ஓர் இரவு வைத்து, காலையில் உப்பும் மோரும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு சொம்பில் ஊற்றுவார்கள். இரண்டாவது முறை புளித்த பிறகு அடுப்பைப் பார்ப்பதில்லை. புளித்த உணவின் உயிருள்ள நன்மையே அதில்தான் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோய்களுக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் நல்லதை உயிரோடு கொண்டுபோகும் வழி கெட்டதையும் உயிரோடு கொண்டுபோகும். வெயில் நாளில் கூழ் ஜில்லென்று இருக்க, அக்காவின் மகன் அண்டாவுக்குள் அதே ஐஸைத்தான் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கூழில் டெட்-எம் உள்ள என்டெரோகாக்கஸ் இருந்தது. மாவில் இருந்ததைவிட அதிகமில்லை. ஆனால் மாவில் இருந்தது வாய்க்கு வருமுன் செத்துவிடும். இது சாகாமல் போகும். கூழ் வாங்குபவர்களில் மூட்டை தூக்குபவர்கள், மார்க்கெட் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவர் தினமும் வாங்குவார் என்று அக்கா சொன்னார்.

“அப்போ கூழ நிறுத்திடட்டா?” என்றார். வேண்டாம் என்றேன். ஐஸை உள்ளே போடாதீர்கள், அண்டாவைத்தான் ஐஸில் வையுங்கள். பெரியவருக்கு மட்டும் காய்ச்சி ஆறிய அன்றைக்கே கொடுங்கள், மறுநாள் வரை புளிக்கவிட்டது வேண்டாம். அதையும் அவர் தன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

செய்தவை

பழைய மாவு சேர்ப்பதை நிறுத்தினார்கள். குண்டானையும் கிரைண்டர் குழவியையும் கொதிநீரில் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்தார்கள். முதல் இரண்டு நாள் மாவு சரியாக எழும்பவில்லை. உளுந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டி, உளுந்து ஊறிய தண்ணீரையே ஆட்டுவதற்குச் சேர்த்ததும் சரியானது. ஐஸுக்கு மாற்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கேன் தண்ணீரை எவர்சில்வர் டப்பாக்களில் ஊற்றிப் பழைய ஃப்ரீசரில் உறையவைக்கிறார்கள். கரண்ட் பில் ஏறியதில் மகனுக்கு வருத்தம். பாக்கெட் விலையில் கை வைக்கலாமா என்று யோசித்துவிட்டு, போட்டிக்குப் பயந்து விட்டுவிட்டார்.

சில வாரம் கழித்து எடுத்த மாதிரிகளில், கூழில் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் என்டெரோகாக்கஸ் பிடிபடவில்லை. மாவில் என்டெரோகாக்கஸ் இருந்தது, டெட்ராசைக்ளினுக்கு அடங்கும் வகை. லியூகோனாஸ்டாக் முன்போலவே வான்கோமைசினுக்கு அடங்கவில்லை.

கேட்டரிங்காரரிடம் இதை விளக்கியபோது எல்லாம் கேட்டுவிட்டு, “சரிங்க, ஆனா அந்த வான்கோமைசினையும் எஸ் ஆக்கிடுங்களேன்” என்றார். ஆக்க வேண்டுமானால் லியூகோனாஸ்டாக்கை ஒழிக்க வேண்டும். ஒழித்தால் இட்லி பொங்காது, கல்லாகத்தான் வரும். இனத்தின் பெயர், பிறவி எதிர்ப்பு, வான்-ஏ இல்லை என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அதை ஒப்பந்தக் கோப்பில் சேர்த்துக்கொண்டு வாளி ஆர்டரைத் திரும்பக் கொடுத்துவிட்டார். முதலில் சோதித்த ஆய்வகத்துக்கும் ஒரு பிரதி போயிற்று. லாக்டிக் பாக்டீரியாவுக்கு இனம் காணாமல் ஆன்டிபயாடிக் பக்கம் போடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஐஸ் வண்டி அந்தச் சந்துக்கு வருவது நிற்கவில்லை. கரும்புச்சாறு கடை, ஜூஸ் கடை, டீக்கடை என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அங்கே போடுவதை யாரும் காய்ச்சுவதும் இல்லை. பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரி முடிவுகளோடு மனு கொடுத்திருக்கிறோம். கரும்புச்சாறு கடைக்காரரிடம் மீன் ஐஸ் பற்றிச் சொன்னபோது அவர் கம்பியைக் கீழே வைக்காமலே, “நீலமா வந்தா நான் ஏன் மேடம் வாங்கப்போறேன்?” என்றார்.